விரலுக்கடியில் ஒரு கட்டை

பேஸ் கிட்டாரில் ராம்ப் வைத்தால் வாசிப்பு மேம்படுமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. வைக்கணுமா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று விட்டுவிடுகிறேன். முன்பு அப்படி இல்லை. கேட்டவர் கெட்டார். பிரசங்கம் முடியாமல் படி இறங்கவிட மாட்டேன். ஒரு பல் வைத்தியர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, கீழே தன் காரை யாரோ இழுத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பேச்சை வெட்டிக்கொண்டு போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

ராம்ப் என்பது ஒரு மரத்துண்டு, சோப்புக்கட்டி அளவுதான். பேஸ் கிட்டாரின் உடம்பில், கம்பிகளுக்கு அடியில், ஒலியை வாங்குகிற இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவே உள்ள இடத்தில் ஒட்டிவைப்பார்கள். வலது கை விரல் கம்பியை மீட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது இந்தக் கட்டையில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் ஆழம் போக இடமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஆழம், அதனால் ஒவ்வொரு ஒலியும் ஒரே அளவு, கையும் களைக்காது என்பது வைத்துக்கொள்கிறவர்களின் கட்சி. விரலுக்குப் புத்தி இருந்தால் கட்டை எதற்கு என்பது என் கட்சி.

இத்தனைக்கும் எனக்கு வாசிக்க வராது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் வாசிக்கிற கிட்டார்களைப் பழுது பார்க்கிறேன், அவ்வளவுதான். "நீ செருப்பு தைக்கிறவ. நடக்கிறவ நான்" என்பாள் என் தங்கச்சி. செருப்பு எங்கே கடிக்கும் என்று தைக்கிறவளுக்குத்தான் தெரியும் என்று நான் திருப்பிச் சொல்வேன். எங்களுக்குள் இது வருடக்கணக்காக நடக்கிற வழக்கு. தீர்ப்பு வந்ததில்லை.

பட்டறை ஒரு துணி வெளுக்கும் கடைக்கு மேல்மாடி. காலையில் கீழே இஸ்திரி போட ஆரம்பித்தால் நீராவி மேலே ஏறும், மரம் உப்பும். அதனால் பதினோரு மணிக்கு முன்னால் நான் எதையும் அளக்க மாட்டேன். நீராவி அடங்கிய பிறகு அளந்தால் அந்த அளவு நிற்கும். அளவு விஷயத்தில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தங்கச்சி ஆறு வருடமாக ஒரு நாடக அரங்கில் பேஸ் வாசித்து வந்தாள். மேடைக்கு முன்னால், தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம். அதில் பன்னிரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வாசிப்பார்கள். வாரத்துக்கு எட்டுக் காட்சி. பார்க்க வருகிறவர்களுக்கு அவர்கள் தலைகூடத் தெரியாது. அவளுக்கு அது பிடித்திருந்தது. "யாரும் பாக்காத எடத்துல உக்காந்து எல்லாரையும் தூக்கிப் பிடிக்கிற வேலை, அக்கா" என்பாள். அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் பத்து வருடம் இரைச்சலான கூடங்களில், இருமுகிற ஒலிபெருக்கிகளோடு வாசித்தவள். அங்கே கம்பியை ஆழமாகத் தோண்டி இழுத்தால்தான் நாலு பேருக்குக் கேட்கும். அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

பழைய இசை நடத்துநர் ஓய்வு பெற்றுப் போய்ப் புதியவர் வந்தார். கையில் குச்சியோடு குழுவை நடத்துகிறவர் என்பதால் அவருக்குத் தங்கச்சி வைத்த பெயர் குச்சிக்காரர். குச்சிக்காரருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொருவர் ஒலியையும் தனித்தனியாகப் பதிவு செய்து, வீட்டில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். ஒரு நாள் தங்கச்சியைக் கூப்பிட்டு அவளுடையதை மட்டும் போட்டுக் காட்டினார்.

"கேக்கவே கூச்சமா இருந்துச்சுக்கா" என்றாள் பட்டறையில் வந்து உட்கார்ந்துகொண்டு. "ஒண்ணு கத்துது, அடுத்தது முனகுது. மறுபடி கத்துது."

"ஆறு வருஷமா யாருக்கும் கேக்காதது இந்த மகானுக்கு மட்டும் கேட்டுடுச்சாக்கும்."

"கேட்டது நெசம்தானே. எனக்கே கேட்டுச்சே."

மேடைத் தரையைப் பெயர்த்துப் போடுவதற்காக அரங்கை மூன்று வாரம் மூடுகிறார்கள். திறப்பதற்கு முன்னால் சில நாற்காலிகளுக்குப் புதிதாகத் தேர்வு. பேஸ் நாற்காலிக்கு மூன்று பேர் வாசிக்கப் போகிறார்கள், அதில் இவளும் ஒருத்தி. தன் நாற்காலிக்குத் தானே விண்ணப்பம் போட வேண்டிய நிலை. திரைக்குப் பின்னால் இருந்துதான் வாசிக்க வேண்டும். யார் யார் என்று நடுவர்களுக்குத் தெரியாது. இது போதாதென்று, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வலி வேறு. ஐந்து மாதமாக இருந்திருக்கிறது. என்னிடம் அன்றைக்குத்தான் சொன்னாள்.

"ஒரு ராம்ப் வெச்சுக் குடுக்கா" என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

சும்மா வாயில் வந்ததுதான். எங்கள் பேச்சில் இதைவிடக் காரமானதெல்லாம் போய்வந்திருக்கிறது. அவள் மேசையில் பொருத்தியிருந்த பட்டறைப் பிடியின் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"சரி. கோணலா இல்லாம வெச்சுக் குடு" என்றாள். சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

மறுநாளே செய்தேன். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். மிச்சம் கிடந்த கருங்காலித் துண்டு ஒன்றை எடுத்து, நாலு கம்பிகளும் நிற்கிற வளைவுக்குச் சரியாக மேற்புறத்தை வளைத்துத் தேய்த்து, ஓரங்களை மழுக்கி, இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடாவால் பொருத்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே மற்றவர்கள் நாலு மில்லிமீட்டர் விடுவார்கள். நான் இரண்டுதான் விட்டேன். கட்டைதானே கேட்டாய், நன்றாக முட்டட்டும் என்று ஒரு குசும்பு. கம்பி எதையும் அழுத்தாமல், அது சும்மா நிற்கிற நிலையில் அளவுகோலை நுழைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு.

முதல் நாள் போனில் பேசினாள். "முட்டுதுக்கா. ஒவ்வொரு தடவையும் முட்டுது. கோவமா வருது."

"எடுத்துடட்டுமா?"

"வேணாம். கோவம் என்மேலதான்."

நாலைந்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். ஏதேதோ பேசிவிட்டு, "அக்கா, மேல போறப்ப இந்தக் கட்டை…" என்று ஆரம்பித்தாள். நான் அப்போது ஒரு கிட்டாரின் கழுத்தைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தேன், பசை காய்வதற்குள் இறுக்கியாக வேண்டும். "மேல போறப்ப என்ன? கட்டை என்ன பண்ணும் பாவம், விரலைக் கேளு" என்றேன். "ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். பசை நன்றாகப் பிடித்தது.

இரண்டாவது வாரம் முடியும்போது ஒரு பதிவு அனுப்பினாள். மூன்று நிமிடம் இருக்கும். தேர்வுக்குக் கொடுத்திருந்த பாடம்: தாழ்ந்த சுரங்களில் மெதுவாக ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, கடைசிப் பக்கத்தில் கழுத்தின் உச்சியில், கழுத்து உடம்போடு சேர்கிற இடத்து உயர்ந்த சுரங்களில், போய் ஆடிவிட்டு இறங்கும். கேட்டேன். வேலையை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். கத்தலும் இல்லை, முனகலும் இல்லை. ஒரு கொத்தனார் வரிசையாகச் செங்கல் வைத்துக்கொண்டு போவதுபோல ஒவ்வொரு சுரமும் அடுத்ததன் பக்கத்தில் அதே உயரத்தில் உட்கார்ந்தது. என் தங்கச்சி இப்படி வாசித்து நான் கேட்டதில்லை.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"கை பழகிடுச்சு. தெனம் நாலு மணி நேரம் உக்காந்தா யாருக்கும் பழகும். கட்டைக்கு அதுல என்ன பங்கு?"

"வலி பாதி கொறஞ்சிருக்குக்கா."

"அதுவும் பழக்கம்தான்."

"வலி கொறையறதுக்காக நாலு மணி நேரம் வாசிக்கிற ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்" என்று சிரித்தாள். ஒரு வார்த்தை, 'சரிடி, கட்டை உதவியிருக்கு' என்று சொல்லியிருந்தால் என் சொத்து ஒன்றும் போயிருக்காது. சொல்லவில்லை. முயலுக்கு மூன்று கால் என்று பிடித்தால் மூன்றுதான். எங்கள் குடும்பத்தில் அந்தக் குணம் முழுதாக எனக்கே வந்து சேர்ந்தது.

தேர்வு திங்கட்கிழமை. சனிக்கிழமை மதியம் அவள் வீட்டுக்காரர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார், புதுக் கம்பி மாட்ட. அவர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். இசைக்கும் அவருக்கும் காத தூரம். ஆனால் கண் மட்டம் பார்க்கிற கண். என் பட்டறைக்குள் வந்தாலே அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பார், சாய்ந்துதான் இருக்கும்.

நான் புதுக் கம்பிகளை மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொழுது போகாமல் கிட்டாரின் கழுத்து உச்சியில் ஒரு விரலை வைத்து அழுத்தி, இன்னொரு கையால் கம்பியை இழுத்துவிட்டார். டக்கென்று ஒரு சத்தம். கம்பி மரத்தில் அடித்த சத்தம்.

"கட்டையில இடிக்குதேக்கா."

"கீழ இழுத்துப் பாருங்க" என்றேன்.

கழுத்தின் மறுகோடியில், தாழ்ந்த சுரங்களின் இடத்தில், அழுத்தி இழுத்தார். சத்தமில்லை. உச்சியில் அழுத்தினார், டக். "மேல அழுத்தினா கம்பி கீழ எறங்குதுல்ல" என்றார். "நாங்க தரைக்கு உயரம் வெக்கிறப்ப கதவைத் தெறந்து பாத்துட்டுத்தான் வெப்போம்க்கா. மூடுன கதவுக்குக் கீழ எல்லா டைல்ஸும் சரியாத்தான் இருக்கும். தெறக்கறப்பதான் இடிக்கும்."

என் காது சுட்டது. இது எனக்குத் தெரியாத விஷயமா? பிக்கப்பின் உயரத்தை வைக்கும்போது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் கடைசியை, அந்தக் கடைசி ஃப்ரெட்டை, அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பி எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழவிட்டு, அப்புறம்தான் அளப்போம். இந்தத் தொழிலில் முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற பாடம். இருபத்திரண்டு வருடமாக என் இடது கை தூக்கத்தில்கூட அதைச் செய்யும். கட்டைக்கு மட்டும் செய்யவில்லை. மறந்துபோய் அல்ல. பிக்கப் என்றால் வேலை, கட்டை என்றால் விளையாட்டு என்று என் கை முடிவு செய்திருந்தது. மதிக்காத வேலையை அரைக் கையால் செய்துவிட்டு, அதை அளந்தேன் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அது ஒண்ணுமில்ல, புதுக் கம்பி இன்னும் இறுகல. இறுகினா சரியாயிடும்" என்றேன் அவரிடம். பொய். நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தேன். போகும்போது அலமாரிக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கியதும் கட்டையைப் பெயர்த்தெடுத்தேன். மேற்புறத்தைத் தொடவில்லை. அடிப்பக்கத்தை இழைத்து ஒன்றரை மில்லிமீட்டர் எடுத்தேன். மறுபடி ஒட்டினால் மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. இந்த முறை கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து அளந்தேன். உச்சியில் எங்கே மீட்டினாலும் இடிக்கவில்லை. வேலையாகப் பார்த்தால் அது நல்ல வேலை.

போன் மேசைமேல்தான் கிடந்தது. எடுத்து, 'தப்பா வெச்சுட்டேன்டி, சரி பண்ணிட்டேன், வந்து வாசிச்சுப் பாரு' என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. தேர்வுக்கு முன்னால் அவள் மனதை ஏன் குழப்ப வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நாசூக்கான காரணம். உண்மைக் காரணம், கோணலா இல்லாமல் வை என்று அவள் கேட்டதும் நான் கோணலாக வைத்ததும்தான். தப்பைச் சரிசெய்துவிட்டால் தப்பே நடக்கவில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.

தங்கச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான நாளுக்கு முந்தின நாள் கிட்டாரைத் தொடமாட்டாள். கை தானாக மறக்க வேண்டியதை மறக்கட்டும், மிச்சம் இருப்பதுதான் நம்முடையது என்பாள். அவளுடைய முதல் மேடையிலிருந்து அப்படித்தான். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். பெட்டி திறக்கப்படாமல் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்றது. நான் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை நானும் போனேன். அரங்கின் பின்பக்கத்தில் ஒரு நீளமான நடைவழி, சுவரோரம் மடக்கு நாற்காலிகள். மூன்று பேருக்கும் எண் எழுதிய சீட்டு கொடுத்தார்கள். தங்கச்சி இரண்டாம் எண். கதவருகே இருந்த பெண் விதிகளைப் படித்தாள்: உள்ளே போனதும் பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது, குரல் தெரிந்துவிடும். நடையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று தரையில் கம்பளம் விரித்திருந்தார்கள். நடைவழியில் வாசித்துப் பழகக் கூடாது. சுருதி மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

தங்கச்சி பெட்டியைத் திறந்து கிட்டாரை மடியில் வைத்து, ஒவ்வொரு கம்பியாக மீட்டிச் சுருதி சேர்த்தாள். இரண்டாவது கம்பியில் அவள் விரல் ஒரு கணம் நின்றது. அதே கம்பியை மறுபடி மீட்டினாள். குனிந்து கட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டேன். புதுக் கம்பி கைக்கு வேறு மாதிரிதான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள், அது போதும் என்று எண்ணினேன்.

"ரெண்டு" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

கதவு கனமானதுதான். ஆனாலும் பேஸ் ஒலிக்குக் கதவு ஒரு பொருட்டில்லை, தரை வழியாக வந்து காலில் தொடும். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் கட்டையைத் தேடிக்கொண்டு கீழே போகிறது. இருந்த இடத்தில் அது இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே போகிறது, ஆழமாக இழுத்துவிடுகிறது: கத்தல். பயந்து அடுத்ததை மேலோட்டமாகத் தொடுகிறாள்: முனகல். மறுபடி கத்தல். மூன்று வாரத்துக்கு முன்னால் குச்சிக்காரர் போட்டுக் காட்டியது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் எதுவும் புரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கம் வந்தது. கழுத்தின் உச்சிக்கு ஏறினாள். ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. என் கட்டை துளி தப்புச் செய்யவில்லை. எழுந்து கதவை உதைத்துத் திறந்து, நிறுத்துங்கள், அது நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சீட்டில் எண் இருந்தது அவளுக்குத்தான், எனக்கில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். மூன்றாம் எண். தங்கச்சியிடம் குச்சிக்காரரே வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லாத நாளில் கூப்பிடுகிறோம், வருவீர்களா என்று மரியாதையாகக் கேட்டாராம். வருகிறேன் என்றாளாம். அவர் மோசமான ஆள் இல்லை. திட்டவும் ஒரு ஆள் கிடைக்கவில்லை எனக்கு.

நாலு நாள் கழித்து, பதினோரு மணிக்கு மேல், அவள் பட்டறைக்கு வந்தாள். கிட்டாரை மேசைமேல் வைத்துவிட்டு எப்போதும் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாலு நாளும் நான் போன் செய்யவில்லை. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை.

"கட்டையை நான்தான் எறக்கினேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"சுருதி சேக்கறப்பவே. விரல் போயித் தேடுச்சு, அது அங்க இல்ல."

"உச்சில இடிச்சுதுடி. நான் தப்பா அளந்துட்டேன். கடைசி ஃப்ரெட்டை அழுத்தி அளக்கணும், அளக்கல. உன் வீட்டுக்காரர் கண்டுபிடிச்சார். அப்பவும் உன்கிட்ட சொல்லல. கமுக்கமா சரி பண்ணி அனுப்பிட்டேன்."

"இடிக்கிறதும் தெரியும்க்கா. மூணாம் நாளே தெரியும். மேல போறப்ப மட்டும் வலது கையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிக்குவேன், கட்டையைத் தாண்டி. ஒரு வாரத்துல பழகிடுச்சு."

அந்தப் பதிவை நினைத்துக்கொண்டேன். உச்சிச் சுரங்கள் கொஞ்சம் கூர்மையாக இருந்தன. அவளாக வரவழைத்த நயம் என்று எண்ணியிருந்தேன். என் தப்பைச் சுற்றி நடக்க ஒரு வழி கண்டுபிடித்து, அந்த வழியையே அழகாக்கி வைத்திருந்தாள்.

"மூணாம் நாளே தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?" என் குரல் உயர்ந்தது. குற்றவாளி நான், அதட்டுவதும் நானே. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே எறக்கிக் குடுத்திருப்பேன். ரெண்டு வாரம் அந்த உயரத்துலயே பழகியிருப்ப. அன்னைக்கு நடைவழியிலாவது சொல்லியிருக்கலாம். நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

அவள் பட்டறைப் பிடியின் கைப்பிடியைப் பிடித்தாள். சுற்றவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"என்னன்னு சொல்றது?" என்றாள். "மேடை கோணல்னா?"

கீழே இஸ்திரிப் பெட்டி ஒருமுறை சீறி அடங்கியது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வேறு எப்படிச் சொல்வது என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். அதனால்தான் தாங்க முடியவில்லை. போனில் 'மேல போறப்ப இந்தக் கட்டை' என்று அவள் ஆரம்பித்ததும், விரலைக் கேளு என்று நான் வாயை அடைத்ததும் அப்போதுதான் சேர்ந்து ஞாபகம் வந்தன. அவள் விரலைத்தான் கேட்டிருக்கிறாள்.

"மன்னிச்சுடுடி" என்றேன். அவளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை. சிறு வயதில் அவள் பொம்மையின் கையை உடைத்தபோதுகூடச் சொன்னதில்லை.

"சரி, சரி. பழைய எடத்துக்கே ஏத்திக் குடு" என்றாள். "ஏதாவது ஒரு நாள் கூப்பிடுவாங்க. அன்னைக்கு என் கை எனக்கு வேணும்."

"உச்சில இடிக்குமே."

"இடிக்கட்டும். அது எனக்குத் தெரிஞ்ச இடி."

கட்டையைப் பெயர்த்தேன். இழைத்தெடுத்த தூள் சனிக்கிழமையே குப்பைக்குப் போய்விட்டது. அடியில் வைக்க மெல்லிய மரத்தகடுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, கட்டையை மேலே பொருத்தி, கிட்டாரை அவள் மடியில் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மீட்டினாள்.

"இன்னும்."

இன்னொரு தகடு வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னொன்று. ஒரு மயிரிழைதான் இருக்கும் அது. இரண்டு தடவை மீட்டினாள். தோள் கீழே இறங்கியது.

"அங்கதான்" என்றாள்.

அங்கேயே ஒட்டினேன். அளவுகோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுக்கவில்லை.